பேராதனையில் ஒரு பெருவாழ்வு

கண்டி மாநகருக்கு அண்மையில், மகாவலி கங்கை வளைந்து தழுவிச் செல்லும் பேராதனைப் பூங்காவை அறியாதார் நம்மில் இலர். பாடசாலைச் சுற்றுலாவிலே அங்குள்ள பனை வரிசைகளையும் ஒர்கிட் மலர்களையும் கண்டு களித்திருக்கிறோம். ஆயின் அங்கேயுள்ள உலர்தாவரக் காப்பகத்தில், தாள்களில் ஒட்டப்பெற்று உறங்கும் மலைக்காட்டுச் செடிகளை எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேர்? அச்செல்வத்தைத் திரட்டியவருள் தலையாயவர் ஜோர்ஜ் ஹென்றி கென்ட்ரிக் துவேற்ஸ்.

அன்னார் 1812இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரிற் பிறந்தார். கணக்காளராகத் தொழில் தொடங்கியவர், ஓய்வு வேளையில் நுணுக்குக்காட்டியின் துணையோடு தாவரவியல் கற்றார். 1849இல் பேராதனைப் பூங்காவின் அதிபர் கார்ட்னர் நுவரெலியாவிலே திடீரென மறைந்தார். அவ்விடத்துக்கு அதே ஆண்டில் வந்து சேர்ந்தவர் துவேற்ஸ்.

இலை, பூ, காய் அனைத்தையும் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, ஒட்டி, எண்ணிட்டு வைப்பது எளிய வேலையன்று. மழையும் மூடுபனியும் நிறைந்த மலைநாட்டில் சிறிது அயர்ந்தாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். இப்பணியைப் பல ஆண்டுகள் தளராது நடத்தி, கியூ முதலிய காப்பகங்களுக்கும் பிரதிகள் அனுப்பினார். 1858 முதல் 1864 வரை இலங்கைத் தாவரங்களின் நிரலை இலத்தீன் மொழியில் வெளியிட்டார். இலங்கையன்றி வேறெங்கும் வளராத ஸ்ரெமொனோபோரஸ் என்னும் மரப் பேரினத்தை 1854இல் உலகுக்கு அறிவித்தவரும் அவரே. அதில் ஓர் இனத்துக்குக் கார்ட்னரின் பெயரைச் சூட்டி, முன்னோர்க்குக் கடன் தீர்த்தார். மலைக்காட்டு மரங்களிற் படர்ந்து செம்மலர் பூக்கும் கென்ட்ரிக்கியா என்ற கொடியோ அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1869இல் கோப்பி இலைகளிலே செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. துவேற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி, நோயை விளைத்தது ஒரு பூஞ்சணம் என அறியச் செய்தார்; அதன் கொடுமையைத் தோட்டத்துரைமாருக்கும் எச்சரித்தார். பலர் பொருட்படுத்தவில்லை. சில ஆண்டுகளிற் கோப்பித் தொழில் வீழ்ந்தது. அத்தொழிலை நம்பிக் கடல் கடந்து வந்த நம் தமிழ்த் தொழிலாளரின் வயிற்றிலும் அந்த அடி விழுந்தது.

பெரியாரிடத்தும் குறை உண்டு என்பதை மறைத்தல் அறமாகாது. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களிற் பறித்த செடிகளையும் ஒரே இனமாயின் ஒரே எண்ணில் அவர் சேர்த்து வைத்தார். இதனால் எந்தச் செடி எந்த மலையில், எந்நாளிற் பறிக்கப்பெற்றது என்பதை இன்றைய ஆராய்ச்சியாளர் பலவிடத்து அறிய இயலவில்லை. காடு அழிந்தபின் அத்தாளன்றி வேறு சாட்சி ஏது? செடிகளைத் தேடிக் காடேறிய உள்ளூரார் பலரின் பெயர்களும் மறைந்தன. பூங்காவிலே 38 ஆண்டுகள் சித்திரம் வரைந்த ஹர்மானிஸ் டி அல்விஸ் மட்டும் ஓர் ஒர்கிட்டின் பெயரில் வாழ்கிறார்.

1880இல் ஓய்வு பெற்ற துவேற்ஸ் தாயகம் திரும்பாது கண்டியிலேயே தங்கி, 1882இல் இங்கேயே கண்மூடினார்.

இளைஞர்களே! சிவனொளிபாதமலைக்கு யாத்திரை செல்லும்போது வழியிலுள்ள செடிகளைப் பறியாதீர்கள். கண்டதையும், கண்ட இடத்தையும், நாளையும் குறித்து வையுங்கள். அவர் விட்ட குறையை நாம் நிறைவு செய்வதே அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.