முத்துக்குளித்துறையில் 53 ஆண்டுகள்: தமிழை முதலில் அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் யார்?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், ஆத்தூர் தாண்டி கிழக்கே திரும்பினால் புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் கலக்கிற இடம். இன்றைக்கு அமைதியான மீனவர் ஊர். ஆனால் 1500-களில் இந்தக் கடற்கரையின் தலைநகரமே இதுதான். போர்த்துகீசிய கேப்டன் இங்கேதான் இருந்தார், முத்து வியாபாரம் இங்கே நடந்தது, படையெடுத்து வந்தவர்கள் முதலில் கை வைத்ததும் இந்த ஊரில்தான்.

இங்கே 1547-ல் ஒரு போர்த்துகீசிய இளைஞர் வந்து இறங்கினார். 1600-ல் இதே ஊரில் இறந்தார். நடுவில் ஊருக்குத் திரும்பவே இல்லை. பெயர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். நம்ம ஊர் வாயில் அது அண்டிரிக் ஆகி, அண்டிரிக் அடிகளார் ஆனது.

தமிழ் அச்சின் தந்தை என்று போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். ஒரு மார்க் கேள்வி, அவ்வளவுதான். ஆனால் அந்தப் புத்தகம் வெளிவரும் முன்பு அவர் கடந்த 31 வருடங்களைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

சொந்த நாட்டில் கிடைக்காத இடம்

போர்த்துகல்லின் விலா விசோசா என்ற ஊரில் 1520-ல் பிறந்தவர் ஹென்றிக்கஸ். குடும்பம் யூத வம்சாவளி. 1497-ல் போர்த்துகல் மன்னர் நாட்டில் இருந்த யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார். அப்படி மாறியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ‘புதுக் கிறிஸ்தவர்கள்’ என்று பெயர். பெயரிலேயே சந்தேகம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஞானஸ்நானம் வாங்கி இரண்டு, மூன்று தலைமுறை ஆனாலும் ரத்தம் சுத்தமில்லை என்பார்கள். இந்த மாதிரிப் பேச்சு நமக்குப் புதுசு இல்லை.

ஹென்றிக்கஸ் துறவியாக விரும்பி பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். வம்சாவளி தெரிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கொயிம்ப்ராவில் படித்தார். 1545-ல், தொடங்கி ஐந்தே வருடமான இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடமே இந்தியாவுக்குக் கப்பல்.

அவர் வந்த பிறகு, 1560-ல், கோவாவில் ‘இன்குவிசிஷன்’ விசாரணை மன்றம் அமைந்தது. அதன் கண் முக்கியமாக இருந்தது இதே புதுக் கிறிஸ்தவர்கள் மேல்தான். 1593-ல் இயேசு சபையும் யூத வம்சாவளியினரை இனிமேல் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. அப்போது ஹென்றிக்கசுக்கு 70 வயது தாண்டிவிட்டது. 45 வருடத்துக்கு மேல் அந்தச் சபைக்காக உழைத்திருந்தார். இந்த முடிவு அவருக்குள் என்ன செய்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வந்த இடம் எப்படி இருந்தது?

முத்துக்குளித்துறை என்பது கன்னியாகுமரி பக்கமிருந்து மன்னார் வளைகுடா ஓரமாக ராமேஸ்வரம் வரை நீளும் கரை. பரதவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக முத்தும் சங்கும் குளித்தவர்கள். இடுப்பில் கயிறு, காலடியில் கல், மூச்சை அடக்கி அடியில் இருக்கிற முத்துப்பாரில் சிப்பி அள்ளுவது. ஒரு வருடம் பார் நிறைய சிப்பி இருக்கும். அடுத்த பல வருடங்கள் ஒன்றுமே இருக்காது, ஏனென்றும் தெரியாது. (அரசு நடத்திய கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது.)

இந்த முத்துக்காக உள்ளூர் அரசர்கள், கடல் வணிகர்கள், போர்த்துகீசியர்கள் என எல்லோரும் மோதிக்கொண்டார்கள். நெருக்கடியில் இருந்த பரதவர்கள் 1530-களின் நடுவில் போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். பதிலுக்கு ஞானஸ்நானம். சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் மதம் மாறினார்கள். இதைப் பாதுகாப்புக்கான ஒப்பந்தம் என்று சொன்னாலும் தவறில்லை. என்ன ஜெபம், என்ன வேதம் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமலேயே ஐந்தாறு வருடம் ஓடியது. பாதுகாப்பும் இலவசமில்லை. போர்த்துகல் ராணியின் செருப்புச் செலவு என்ற பெயரில்கூட இந்தக் கரையிலிருந்து வருடம் 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது!

1542-ல் வந்த பிரான்சிஸ் சவேரியார்தான் அந்தச் செருப்புப் பணத்தைப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார்களின் சம்பளமாக மாற்றினார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசும் தெரிந்த சிலரை வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, மணி அடித்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார்.

அதில் ஒரு பிழை. விசுவாச அறிக்கையில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று வந்திருந்தது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் வேணும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. 1544-ல் சவேரியார் இதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லி உடன் வேலை செய்தவருக்குக் கடிதம் எழுதினார். பிழைதான். ஆனால் அதே 1544-ல் வடுகர் படை வந்து இந்தக் கரையைச் சூறையாடியது, மக்கள் பாறைத் தீவுகளில் ஒளிந்து பட்டினி கிடந்தார்கள். அந்த நிலைமையில் இருப்பவர் வாயிலிருந்து வந்தால் ‘வேணும்’ அவ்வளவு தப்பான வார்த்தையாகவும் தோன்றவில்லை.

தமிழைப் பிடித்துக்கொண்டவர்

ஹென்றிக்கஸ் வந்தபோது அவரும் மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் பேசினார். தான் சொல்வது ஒன்று, ஜனங்களிடம் போய்ச் சேர்வது ஒன்று என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. சவேரியாரும் தமிழ் கற்கச் சொன்னார். ஹென்றிக்கஸ் உட்கார்ந்து படித்தார். வினைச்சொல் எப்படித் திரிகிறது, வேற்றுமை உருபு எப்படிச் சேர்கிறது என்று லத்தீன் இலக்கணம் படித்த பழக்கத்தில் எல்லாவற்றையும் பட்டியல் போட்டார். ஓரிரு வருடத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசவும் எழுதவும் ஆரம்பித்துவிட்டார். அந்தக் குறிப்புகள்தான் ஐரோப்பியர் ஒருவர் எழுதியதில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் தமிழ் இலக்கணம். கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் இருப்பது பண்டிதர் தமிழ் அல்ல, கடற்கரையில் அன்றாடம் பேசிய தமிழ். மொழியியல் ஆய்வாளர்களுக்கு இன்றைக்கு அது பெரிய புதையல்.

இத்தனைக்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. அடிக்கடி படுத்துவிடுவார். வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்துகொண்டன.

அடி மேல் அடி

1549. சவேரியார் ஜப்பானுக்குக் கிளம்பிவிட்டார். அதே வருடம், இந்தக் கரையின் பொறுப்பில் இருந்த இத்தாலியப் பாதிரியார் அந்தோணி கிரிமினாலி, மண்டபம் பக்கம் வேதாளையில் படையெடுப்பின்போது கொல்லப்பட்டார். இயேசு சபையில் இப்படி உயிர்விட்ட முதல் ஆள் அவர். மீதி இருந்தவர்கள் சேர்ந்து 29 வயது ஹென்றிக்கஸைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். போர்த்துகல்லில் சபைக்குள் இடம் மறுக்கப்பட்டவர், இங்கே ஒரு கரைக்கே பொறுப்பாளர். 1576 வரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது.

1550 வாக்கில் புன்னைக்காயலில் ஊர் மக்களிடம் திரட்டிய பணத்தில் ஒரு மருத்துவமனை தொடங்கினார். மூன்று வருடம்கூட நிம்மதி இல்லை. 1553-ல் மலபாரிலிருந்து வந்த கப்பற்படை புன்னைக்காயலைத் தாக்கியது. போர்த்துகீசிய கேப்டன் சரணடைந்தார். சிறைப்பட்டவர்களில் ஹென்றிக்கஸும் ஒருவர். விடுதலை ஆனபின் கோவாவுக்கோ கொச்சிக்கோ போய்ப் பத்திரமாக இருந்திருக்கலாம். திரும்பி அதே கரைக்குத்தான் வந்தார்.

1560-ல் மறுபடி. இந்த முறை மதுரை நாயக்கர் படை. ஊர் விழுந்தது. அதே வருடம் போர்த்துகீசியர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டி, தங்கள் தலைமையிடத்தைப் புன்னைக்காயலிலிருந்து அங்கே மாற்றினார்கள். பரதவர்களில் ஒரு பகுதியினர் குடும்பத்தோடு கடல் தாண்டினார்கள். ஹென்றிக்கஸும் கூடப் போனார். மன்னாரில் கோட்டைச் சுவர் இருந்தது, ஆனால் கொள்ளைநோய் வந்தது. பலர் இறந்தார்கள். கொஞ்ச வருடத்தில் நிறையப் பேர் பழைய கரைக்கே திரும்பிவிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். பாதுகாப்புக்காகத்தான் மதம் மாறினார்கள் என்றால், அந்தப் பாதுகாப்பு தோற்றுப்போன ஒவ்வொரு முறையும் அதை விட்டுவிடுவதற்குப் பரதவர்களுக்குக் காரணம் இருந்தது. கிறிஸ்தவர்களாக இருந்ததே சில சமயம் ஆபத்து. 1544-ல் மன்னாரில் புதிதாக மதம் மாறியவர்கள் நூற்றுக்கணக்கில் யாழ்ப்பாண மன்னர் சங்கிலியின் ஆட்களால் கொல்லப்பட்டிருந்தார்கள். போர்த்துகீசிய கேப்டன்களும் நல்லவர்கள் இல்லை. மக்களைச் சுரண்டுவதாக அவர்கள்மேல் பாதிரியார்களே புகார் எழுதினார்கள். அப்படியும் கரை கலையவில்லை. காரணம் பாதிரியார்கள் மட்டும் இல்லை. அவர்கள் சிறையிலும் மன்னாரிலும் இருந்தபோது ஊரில் ஜெபம் நடத்தியது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது, சாவுக்கு நின்றது எல்லாம் கணக்கப்பிள்ளை என்று அழைக்கப்பட்ட உள்ளூர் ஆட்கள். பெயர் தெரியாத அவர்கள் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. ஹென்றிக்கஸ் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர். அவர்கள் கையில் கொடுக்க ஏதாவது வேண்டுமே?

16 பக்கம்

1554-ல் லிஸ்பனில் ஒரு தமிழ் ஜெபப் புத்தகம் அச்சாகியிருந்தது. ஆனால் ரோமன் எழுத்தில். நாம் வாட்ஸ்ஆப்பில் தங்கிலீஷ் அடிப்பது போல! அதைச் செய்ததும் அங்கே இருந்த மூன்று தமிழர்கள். கோவாவுக்கு 1556-ல் அச்சு இயந்திரம் வந்துவிட்டது. தமிழ் எழுத்து மட்டும் இல்லை.

1577-ல் கோவாவில் ஜொவாவோ கொன்சால்வஸ் என்ற சபைச் சகோதரர் தமிழ் எழுத்துகளை வார்த்தார். திருப்தியாக வரவில்லை. அடுத்த வருடம் கொல்லத்தில் ஜொவாவோ தெ ஃபாரியா வேறு எழுத்துகள் வார்த்தார். செலவுக்கு முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பணம் கொடுத்தார்கள். முதல் தமிழ் அச்சுப் புத்தகத்துக்கு ஸ்பான்சர் கடலில் மூழ்கி எழுந்தவர்கள் என்று சொல்லலாம்.

1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. மொத்தம் 16 பக்கம். அளவில் இன்றைய ஸ்மார்ட்போனைவிடக் கொஞ்சம் அகலம். உள்ளே அடிப்படை ஜெபங்கள். மொழிபெயர்ப்பில் ஹென்றிக்கஸோடு மனுவேல் தெ சான் பேத்ரு என்ற பாதிரியாரின் பெயரும் இருக்கிறது. இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில், இந்திய மண்ணில் அச்சாகி நமக்குக் கிடைத்திருப்பதில் இதுதான் முதல். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் போட இன்னும் 130 வருடத்துக்கு மேல் ஆகும்.

புள்ளி கிடையாது. ‘எ’வுக்கும் ‘ஏ’வுக்கும் கொம்பில் வித்தியாசம் கிடையாது, ஓலையில் எழுதுவது போலவே அச்சு. கடவுளுக்குத் ‘தம்பிரான்’ என்ற சொல். சைவ மடங்களில் இன்றும் புழங்குகிற சொல்தான். அப்போது கரையோர மக்களுக்கு அது தலைவன், ஆண்டவன் என்று சட்டெனப் புரிந்தது.

1579-ல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’, 1580-ல் பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் ‘கொமெசியொனாயரு’, 1586-ல் புனிதர்கள் வாழ்க்கையைச் சொல்லும் ‘ஃப்ளோஸ் சாங்தோரும்’. கடைசியாகச் சொன்னது 600 பக்கத்துக்கும் மேல். அதில் இருப்பவர்கள் சிறைப்பட்டவர்கள், விரட்டப்பட்டவர்கள், கொல்லப்பட்டவர்கள். வாசிக்கக் கேட்ட புன்னைக்காயல் ஜனங்களுக்கு ரோமாபுரி ரொம்பத் தூரமாகத் தெரிந்திருக்காது.

பிறகு?

1580-களில் மையம் புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடிக்கு நகர்ந்தது. பனிமய மாதா கோயில் 1582-ல் எழுந்தது. பொறுப்புகளை இறக்கிவைத்த ஹென்றிக்கஸ் புன்னைக்காயலிலேயே இருந்தார். 1600 பிப்ரவரியில் காலமானார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து பனிமய மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

அவர் புத்தகங்கள் இந்தத் துறையில் தங்கவில்லை. கடலோரக் காற்றில் தாள் எத்தனை நாள் நிற்கும்? ‘தம்பிரான் வணக்கம்’ இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ‘ஃப்ளோஸ் சாங்தோரும்’ வத்திக்கான் நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. 1954-ல் அதைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னவர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆனால் 1940-களில் தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாக வடக்கன்குளம் பள்ளியில் பாடம் நடத்தியவர். தமிழை முறையாகப் படிக்க ஆரம்பித்ததும் அந்த வருடங்களில்தான்.