தொலைக்காட்சி கண்ட பெயர்டு

ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பரோ என்னும் ஊரில் 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-இல் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஜான் லோகி பெயர்டு. நோயுற்ற உடலினர்; காலுறையும் சோப்பும் விற்றுப் பிழைத்தவர். 1926 ஜனவரி 26-இல், லண்டன் மாடியறை ஒன்றில், துளையிட்ட சுழல்தட்டின் துணையால் மனித முகத்தைத் திரையில் காட்டி அறிஞர்களை வியக்கவைத்தார். அப்படத்தில் கோடுகள் முப்பதே!

1936 நவம்பர் 2-இல் பி.பி.சி. தனது தொலைக்காட்சி நிலையத்தைத் தொடங்கியபோது, பெயர்டின் 240 கோட்டு முறையும் மார்க்கோனி–இ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 கோட்டு முறையும் மாறி மாறி ஒளிபரப்பாயின. முற்காலத்தில் நம் பெங்களூரில் சென்னை அகலப்பாதையும் மைசூர் மீட்டர்பாதையும் சந்தித்ததனால் சரக்கை இறக்கி ஏற்ற நேர்ந்ததன்றோ? அங்கும் அவ்வாறே இரட்டை ஏற்பாடு தேவைப்பட்டது. அம்மாதம் 30-இல் கிரிஸ்டல் பாலஸ் தீயில் பெயர்டின் ஆய்வுக்கூடத்தின் பெரும்பகுதி அழிந்தது. 1937 பிப்ரவரியில் அவரது முறையும் கைவிடப்பட்டது.

ஆயினும் அன்னார் சோர்ந்திலர். வண்ணத் தொலைக்காட்சியை ஆராய்ந்து, 1944-இல் அதனைச் செய்தும் காட்டினார். 1946 ஜூன் 14-இல் மறைந்தார். வென்ற 405 கோட்டு முறையும் 1985-இல் விடைபெற்றது. 1959-இல் டில்லியில் தொடங்கிய நம் நாட்டுத் தொலைக்காட்சி 625 கோட்டு முறையைக் கைக்கொண்டது. தோல்விக்குப் பின்னும் உழைத்த அப்பெரியாரின் வாழ்வை நம் பிள்ளைகள் அறிதல் நலம்.