வாரன் ஹேஸ்டிங்ஸும் வெஸ்ட்மின்ஸ்டர் வழக்கும்

அதிகாரம் செலுத்துவோன் தவறிழைத்தால் அவனைக் கேட்பார் யாவர்? இவ்வினா அரசு தோன்றிய நாள்தொட்டு நிலவி வருவது. இதற்கு இங்கிலாந்து தேசத்தார் கண்ட விடைகளுள் ஒன்று, இம்பீச்மெண்டு எனப்படும் பெருங்குற்றச்சாட்டு. இம்முறையில், குடிகளின் பிரதிநிதிகள் கூடிய காமன்ஸ் சபை குற்றஞ் சாட்டும்; பிரபுக்கள் சபை நீதிமன்றமாக அமர்ந்து விசாரித்துத் தீர்ப்பளிக்கும். இதற்கு ஆளானோருள் நம்மவர் நன்கறிந்தவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். அவர்தம் வழக்கு காசியையும் அயோத்தியையும் பற்றியதென்றே பலரும் எண்ணுவர். சென்னைக்கு மேற்கே நாம் வாழும் இப்பகுதிக்கும் அதனோடு தொடர்புண்டு என்பதனை அவர் சரிதம் புலப்படுத்தும்.

ஹேஸ்டிங்ஸ் 1732-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி ஆக்ஸ்போர்டு ஜில்லாவில் பிறந்தார். பிறந்தவுடனே தாயை இழந்தார். தந்தையோ மகவை விட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கு அகன்றார். பாட்டனார் வளர்த்தார். டேல்ஸ்போர்டு என்னும் ஊரில் முன்னோர்க்கு உரியதாயிருந்த நிலம் கைமாறிப் போயிருந்தது. அதனை மீட்பதே இளமையில் அவர் கொண்ட விரதம். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சிறந்த மாணாக்கராய் விளங்கிய போதிலும், காப்பாளர் படிப்பை நிறுத்திக் கும்பெனி உத்தியோகத்திற்கு அனுப்பினார். 1750-இல் கல்கத்தாவில் எழுத்தராக வந்திறங்கிய போது அவருக்கு வயது 17.

பதினான்கு ஆண்டுகள் வங்காளத்தில் உழைத்துத் தாயகம் மீண்ட அவர், 1769-இல் சென்னைக்கு வந்து, ஆலோசனைச் சபையில் கவர்னருக்கு அடுத்த இடத்தில் அமர்ந்தார். கும்பெனியாரின் துணிக் கொள்முதலைச் சீர்செய்தார். அலை மிகுந்த சென்னைக் கரையில் சரக்கிறக்குதற்குக் கடற்பாலம் ஒன்று அமைக்கவும் எண்ணினார். 1772-இல் வங்காளக் கவர்னராகவும், 1774-இல் முதல் கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்தார். கல்கத்தாவில் மதரசா ஒன்றை நிறுவினார். சார்லஸ் வில்கின்ஸ் பகவத்கீதையை ஆங்கிலத்தில் பெயர்த்தற்குத் துணைநின்றார். ஆயினும் ஆலோசனைச் சபையில் பிலிப் பிரான்சிஸ் என்பார் ஓயாது எதிர்த்து வந்தார். அப்பகை முற்றி, 1780-இல் இருவரும் துப்பாக்கி ஏந்தி இருவர் போர் புரியுமளவிற்குச் சென்றது. காயமுற்ற பிரான்சிஸ் இங்கிலாந்து திரும்பிப் பின்னாளில் எட்மண்டு பர்க்குக்குத் துணையானார்.

அதே 1780-இன் ஜூலை மாதத்தில் ஐதர் அலி பெரும்படையுடன் கர்நாடகத்துட் புகுந்தார். செப்டம்பர் 10-ஆம் தேதி, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. சென்னையைச் சூழ்ந்த நாட்டுப்புறம் சூறையாடப்பட்டது, பயிர்த்தொழில் நின்றது, குடிகள் கோட்டையை நாடி ஓடினர். சென்னைக் கஜானாவிலோ பணமில்லை. செய்தி எட்டியதும் ஹேஸ்டிங்ஸ், சென்னைக் கவர்னராயிருந்த ஒயிட்ஹில்லைப் பதவியினின்று விலக்கி, ஐர் கூட் என்னும் சேனாபதியைப் படையுடனும் 15 லட்சம் ரூபாயுடனும் கடல்வழியே அனுப்பினார். 1781 ஜூலை 1-இல் கூட் பரங்கிப்பேட்டையில் வென்றார். ஆகஸ்டு 22-இல், ஆவடிக்கு மேற்கே திருவள்ளூரை அடுத்துள்ள திருப்பாசூர்க் கோட்டையைக் கைப்பற்றினார்.

ஆனால் போருக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வரும்? காசி மன்னர் சேத்சிங் ஆண்டுதோறும் செலுத்திய கப்பத்திற்கு மேலாக, 1778 முதல் 5 லட்சம் ரூபாய் கேட்கப்பட்டது. பின்னர்க் குதிரைப்படையும் கேட்கப்பட்டது. அவர் தாமதித்தார் என்று, 1781 ஆகஸ்டு 16-இல் ஹேஸ்டிங்ஸ் நேரே காசிக்குச் சென்று அவரைக் காவலில் வைத்தார். குடிகள் கிளர்ந்தெழ, மன்னர் தப்பியோடி நாடிழந்தார். கிடைத்த செல்வத்தைச் சிப்பாய்களே பங்கிட்டுக் கொண்டனர். பின்னர், அயோத்தி நவாப் கும்பெனிக்குத் தரவேண்டிய கடனைத் தீர்க்கும்பொருட்டு, அவர் அன்னையும் பாட்டியுமாகிய பேகம்களின் பொருள் பறிக்கப்பட்டது. அவர்தம் பணியாளர் சிறையில் வருத்தப்பட்டனர். திருப்பாசூர் மீண்டதும் காசி வீழ்ந்ததும் ஒரே வாரத்துச் செய்திகள். நம் ஊர்களைக் காத்த போருக்காகவே பிறர் பொருளைக் கவர நேர்ந்ததென்று ஹேஸ்டிங்ஸின் சார்பினர் வாதித்தனர். ஓரிடத்தாரைக் காத்தற்பொருட்டு மற்றோரிடத்தாருக்கு அநீதி இழைக்கலாமா என்பதே அவ்வழக்கின் உயிர்நிலை.

1785-இல் அவர் பதவி துறந்து இங்கிலாந்து சென்றார். அடுத்த ஆண்டு பர்க் காமன்ஸ் சபையில் குற்றங்களை முன்வைத்தார். ஒவ்வொரு குற்றமும் தனித்தனியே வாக்கிற்கு விடப்பட்டது. ரோகில்லர் போரைப் பற்றிய குற்றம் தள்ளப்பட்டது. காசியைப் பற்றியதோ, பிரதம மந்திரி பிட் எதிர்பாராது ஆதரித்தமையால் நிறைவேறியது. பேகம்களைப் பற்றிய குற்றத்தை 1787-இல் நாடகாசிரியர் ஷெரிடன் ஐந்து மணி நேரத்திற்கு மேல் பேசி நிலைநாட்டினார். அவ்வாண்டு மே மாதம் பர்க் பிரபுக்கள் சபையின் முன் சென்று, காமன்ஸ் சபையின் பெயரால் குற்றஞ் சாட்டினார். ஹேஸ்டிங்ஸ் கைதாகி ஜாமீனில் விடப்பட்டார்.

1788 பிப்ரவரி 13-இல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. அரச குடும்பத்தாரும் கற்றோரும் செல்வரும் திரண்டு வந்தனர். எனினும் ஆர்வம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒவ்வொரு குற்றத்தையும் தனித்தனியே தீர்க்க வேண்டுமென்று குற்றஞ் சாட்டினோர் விரும்ப, எல்லாக் குற்றங்களும் முடிந்த பின்னரே எதிர்வாதம் என்று பிரபுக்கள் விதித்தனர். சாட்சிய விதிகள் சாதாரண நீதிமன்றத்திற் போலவே கடுமையாகப் பின்பற்றப்பட்டன. 1790-இல் பார்லிமெண்டு கலைந்த போது வழக்கும் ஒழிந்ததோ என்ற ஐயம் எழுந்தது. ஒழியவில்லை என்று இரு சபைகளும் முடிவு செய்தன. ஏழாண்டுகளில் மண்டபம் கூடிய நாட்கள் 150-க்கும் குறைவே. தொடக்கத்தில் அமர்ந்திருந்த பிரபுக்களுட் பலர் இறந்தனர். 1795 ஏப்ரல் 23-இல் வாக்களித்தோர் 29 பேரே. எல்லாக் குற்றங்களினின்றும் ஹேஸ்டிங்ஸ் விடுதலை பெற்றார்.

விடுதலை பெற்றும் அவர் வறியவரானார். வழக்குச் செலவு 70,000 பவுனுக்கு மேற்பட்டது. கும்பெனியார் ஆண்டுக்கு 4,000 பவுன் உபகாரச் சம்பளம் அளித்துக் காத்தனர். இளமையில் விழைந்த டேல்ஸ்போர்டை 1788-இல் விலைக்கு வாங்கியிருந்த அவர், எஞ்சிய நாட்களை ஆங்கே கழித்தார். 1813-இல் சாட்சியாகக் காமன்ஸ் சபைக்கு வந்தபோது, முன்னர்க் குற்றஞ் சாட்டிய அச்சபையே எழுந்துநின்று மரியாதை செய்தது. 1818 ஆகஸ்டு 22-இல் தமது 85-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

இவ்வழக்கால் விளைந்த பயன் யாது? காசி மன்னர்க்கு நாடு மீளவில்லை. ஏழாண்டு விசாரணையே நிரபராதிக்குத் தண்டனை போலாயிற்று. ஆயினும் கடல் கடந்து ஆண்டவனும் தான் செய்ததற்கு விடை கூறியே தீரவேண்டும் என்னும் கொள்கை உலகறிய நிலைபெற்றது. இங்கிலாந்தில் இம்முறை 1806-இல் மெல்வில் பிரபுவின் வழக்கோடு வழக்கொழிந்தது. அவரும் விடுதலையே பெற்றார்.

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சாசனம் இக்கொள்கையை ஏற்று, முறையைத் திருத்திக் கொண்டது. ஜனாதிபதியின் மேல் ஒரு சபை குற்றஞ் சாட்ட, மற்றொரு சபை ஆராயும். இரண்டிலும் மொத்த உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும். உயர்நீதிமன்ற, உச்சநீதிமன்ற நீதிபதிகளை விலக்குதற்கு லோக்சபையில் 100 பேரேனும் ராஜ்யசபையில் 50 பேரேனும் கையொப்பமிட வேண்டும். மூவர் குழு விசாரித்த பின்னரே சபைகள் வாக்களிக்கும். தண்டனை பதவி நீக்கம் மட்டுமே. முன்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வீற்றிருந்த நீதிபதி வீ. ராமசாமியைப் பற்றிய தீர்மானம் 1993-இல் லோக்சபைக்கு வந்தது. ஆதரித்தோர் 196 பேர், எதிர்த்தோர் ஒருவருமிலர், 205 பேர் வாக்களியாது இருந்தமையால் அது வீழ்ந்தது.

ஆகவே, குற்றஞ் சாட்டும் வழி எளிதாயின் பகைவர் கையில் அது ஆயுதமாகும். அரிதாயின் குற்றவாளிக்கு அதுவே அரணாகும். இவ்விரண்டிற்கும் இடையே நடுநிலை காண்பது சட்டத்தால் மட்டும் கைகூடாது. வாக்களிக்க அமர்வோரின் மனச்சான்றாலும் ஆவது. நாளை அத்தகைய ஆசனங்களில் அமரக்கூடிய மாணாக்கர் இதனை நினைவிற் கொள்வாராக.