யார் இந்த கரிவரதன்? மாருதி 800 இன்ஜினில் ரேஸ் கார் செய்த கோவைக்காரரின் கதை

குஜிலியம்பாறை, வேடசந்தூர் பக்கம் விடிகாலையில் ரோட்டோரம் நின்றால் முதலில் கண்ணில் படுவது மில் வேன்கள்தான். ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். இந்தப் பகுதி நூற்பாலைகள் பலவற்றில் ஓடும் இயந்திரங்களில் எல்.எம்.டபிள்யூ. என்ற எழுத்துகளைப் பார்க்கலாம். 1962-இல் கோவையில் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸின் சுருக்கம் அது. லட்சுமி மில்ஸ் குடும்பம் ஆரம்பித்த கம்பெனி.

அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒருத்தருக்கு ரேஸ் கார்னா உயிர். அவர் செய்த காரில்தான், இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவரான நரேன் கார்த்திகேயன் ரேஸ் வாழ்க்கையைத் தொடங்கினார். அவர் பெயர் எஸ்.கரிவரதன். ரேஸ் வட்டாரத்தில் சுருக்கமாக 'கரி'. கோவையில் ரேஸ் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர் அத்துப்படி. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு டிராக்கின் பெயராக மட்டும் தெரியும்.

யார் அவர்?

1954-இல் பிறந்தவர். ஜி.குப்புசாமி நாயுடு 1910-இல் தொடங்கிய லட்சுமி மில்ஸின் குடும்ப வாரிசு. பஞ்சு, நூல், மெஷின் என்று போக வேண்டிய வாழ்க்கை.

உலக அளவில் பார்த்தால் கரி பெரிய நட்சத்திர டிரைவர் கிடையாது. ஃபார்முலா ஒன் ஓட்டியதில்லை. உள்ளூர்ப் போட்டிகளில் ஓட்டிய ஒரு டிரைவர், அவ்வளவுதான். ஆனா கார் ஓட்டுவதோடு நிற்காமல், கார் செய்யவும் இறங்கினார். அங்கேதான் கதையே மாறுது.

சோழவரத்தில் என்ன நடந்தது?

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் ரேஸுக்கென்று கட்டிய டிராக் இல்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே போட்டிகளை நடத்தியது. வருஷா வருஷம் கூட்டம் திருவிழா மாதிரி சேரும். கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் டிரைவர்கள் வருவார்கள். கரியும் அங்கே ஓட்டியவர்தான்.

போட்டிக்கு வந்த கார்களில்தான் பிரச்சினை. அன்றைய இந்தியாவில் ஓடியது அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. லைசென்ஸ், வரி என்று ஆயிரம் தடை. பணம் இருந்தவர்கள் எப்படியோ வரவழைத்தார்கள். எண்பதுகளில் விஜய் மல்லையா சோழவரத்தில் என்சைன் என்ற நிஜ ஃபார்முலா ஒன் காரையே ஓட்டினார். பணம் இல்லாதவர்கள் பழைய காரைப் பிரித்து, எடையைக் குறைத்து, இன்ஜினை நோண்டி ஓட்டினார்கள்.

அப்போ ஜெயிப்பது யார்? பெரும்பாலும் காசு உள்ளவர். ஒருத்தர் நல்ல டிரைவரா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியே இல்லாத நிலை.

மாருதி 800 எப்படி ரேஸ் கார் ஆனது?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி. சாதாரண காரில் இந்த இன்ஜினின் சக்தி சுமார் 40 குதிரைத்திறன்தான். ரேஸுக்கு இது போதுமா என்று யாருக்கும் தோன்றும்.

கரி வேறு மாதிரி யோசித்தார். மாருதி 800-இல் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து ஒரே தொகுப்பாக முன்பக்கம் இருக்கும். முன் சக்கரங்களைச் சுற்றும். அதை அப்படியே கழற்றி டிரைவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால், பின் சக்கரங்களைச் சுற்றும். நடுவே நீளமான ஷாஃப்ட் தேவையில்லை. கூரை, கதவு, சீட் எல்லாம் போய்விட்டால் எடை பெரிதாகக் குறையும். எடை குறைந்தால் சின்ன இன்ஜினே சீறும்.

எண்பதுகளின் கடைசியில் இப்படித்தான் 'ஃபார்முலா மாருதி' வந்தது. ஒருத்தர் மட்டும் உட்காரும், சக்கரம் வெளியே தெரியும், பார்த்தாலே ரேஸ் கார் என்று சொல்லக்கூடிய வண்டி. வெளிநாட்டிலிருந்து வராமல், கோவையின் லேத் பட்டறைகளையும் ஃபவுண்டரிகளையும் பார்த்து வளர்ந்த ஒருத்தர் கையில் உருவானது. இன்ஜினில் ஏதாவது போனால் நம்ம ஊர் மாருதி மெக்கானிக்கே கை வைக்கலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், எல்லாருக்கும் ஒரே மாதிரி கார். முன்னால் போகிறவர் காசால் போகவில்லை, திறமையால் போகிறார் என்று முதன்முறையாக ஓரளவு நம்பிச் சொல்ல முடிந்தது.

இதே யோசனை வெளிநாட்டில் இருந்ததா?

இருந்தது. 1960-களில் அமெரிக்காவில் தொடங்கி ஜெர்மனி வரை பரவிய 'ஃபார்முலா வீ' இதே ரகம்தான். ஜெர்மனியின் மக்கள் காரான ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் இன்ஜினை எடுத்துச் செய்த மலிவான ரேஸ் கார். பின்னாளில் உலக சாம்பியன்களான ஆஸ்திரியாவின் நிக்கி லவுடா, ஃபின்லாந்தின் கெக்கே ராஸ்பெர்க் இருவரும் ஆரம்பத்தில் ஃபார்முலா வீ ஓட்டியவர்கள். எல்லா வீட்டு வாசலிலும் நிற்கிற கார்தான் சாம்பியனை வளர்க்கும் என்பதற்கு உதாரணம். பீட்டில் அங்கே செய்ததை மாருதி 800 இங்கே செய்தது.

அந்தக் காரில் யார் வளர்ந்தார்கள்?

1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிஜமான ரேஸ் டிராக் திறந்தார்கள். சோழவரம் காலம் முடிந்தது. டிராக் வந்த நேரத்தில் ஓட்டுவதற்குக் காரும் தயாராக இருந்தது.

1992-இல் கோவைப் பையன் ஒருத்தன் அங்கே ஃபார்முலா மாருதியில் ஏறினான். வயது 15. ராலி சாம்பியன் ஜி.ஆர்.கார்த்திகேயனின் மகன் நரேன். 1994-இல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கினார். அந்த ஆண்டு அமெரிக்க கிராண்ட் பிரீயில் டயர் பிரச்சினையால் பல அணிகள் விலக, ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார்.

நரேன் ஃபார்முலா ஒன்னில் இறங்கியதைப் பார்க்க கரி உயிரோடு இல்லை.

1995 ஆகஸ்ட்

வேகம் மீதான ஆசை கரியைத் தரையோடு நிறுத்தவில்லை. வானத்திலும் பறந்தார். 1995 ஆகஸ்ட்டில் விமான விபத்தில் இறந்தார். அப்போதுதான் நாற்பதைத் தாண்டியிருந்தார். ரேஸ் டிராக்கில் இத்தனை ஆண்டு ஓட்டிய மனிதர், டிராக்குக்கு வெளியே போய்ச் சேர்ந்தார்.

இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால், தன் காரில் ஏறிய பையன் ஃபார்முலா ஒன் வரிசையில் நிற்பதை டிவியில் பார்த்திருப்பார்.

இன்று என்ன மிச்சம்?

2003-இல் கோவை செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் டிராக் ஒன்று திறக்கப்பட்டது. கரியோடு ரேஸ் வட்டாரத்தில் இருந்த தொழிலதிபர் பி.விஜயகுமார் முயற்சியில் வந்தது. பெயர், கரி மோட்டார் ஸ்பீடுவே. தேசியப் போட்டிகள் இப்போதும் அங்கே நடக்கின்றன. உள்ளூர் கார் இன்ஜினில் ரேஸ் கார் என்ற கரியின் வழியில் ஃபார்முலா எல்.ஜி.பி. கார்கள் வந்தன.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு சீசன் ஓட்ட டயர், பெட்ரோல், ஹெல்மெட், உடை, என்ட்ரி ஃபீஸ் என்று செலவு இன்றும் சாதாரண வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. மில் வேனில் ஏறி வேலைக்குப் போகிறவர் மகனுக்கு டிராக் இன்னும் தூரம்தான்.

ஆனால் அந்தத் தூரத்தை முதலில் குறைக்கப் பார்த்தவர், காசுக்குக் குறைவே இல்லாத வீட்டில் பிறந்தவர். தனக்கு மட்டும் ஒரு வெளிநாட்டுக் காரை வாங்கி ஓட்டியிருக்கலாம். எல்லாரும் ஓட்டுகிற மாதிரி ஒரு காரைச் செய்தார். அடுத்த முறை தெருவில் ஒரு பழைய மாருதி 800 உறுமிக்கொண்டு போனால், கரி ஞாபகத்துக்கு வரட்டும்.