ஊசிப்புழுவுக்குப் பெயர் வைத்த பள்ளி ஆசிரியர்

கொல்லிமலை வாழவந்தி நாட்டில் மிளகு, காபிக்கு இடையே கொஞ்சம் தக்காளியும் போட்டிருக்கிறீர்களா? காயின் காம்போரம் ஊசியால் குத்தியது போல ஓட்டை தெரிகிறதா, பாருங்கள். இலையில் மேல்தோலும் அடித்தோலும் மட்டும் மிஞ்சி, நடுவே சுரண்டித் தின்ற வெளிறிய திட்டுகள் இருக்கின்றனவா? அப்படியானால் அது பழைய பச்சைக் காய்ப்புழு அல்ல, ஊசிப்புழு. கடைக்காரர்கள் டூட்டா என்பார்கள். தென் அமெரிக்காவில் இருந்து வந்த பூச்சி.

இதை உலகுக்கு முதலில் அடையாளம் காட்டியவர் எட்வர்ட் மெய்ரிக். 1854ல் இங்கிலாந்தில் பிறந்தார். தொழில், பள்ளி ஆசிரியர். 1877 முதல் சுமார் 10 ஆண்டுகள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் வேலை பார்த்தார். ஊர் திரும்பி, 1887 முதல் 1914 வரை மார்ல்பரோ கல்லூரிப் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தார். பூச்சி ஆராய்ச்சிக்குச் சம்பளம் கிடையாது. பாடம் முடிந்த நேரத்தில்தான் அந்த வேலை.

அரிசி மணி அளவே உள்ள குட்டி அந்துப்பூச்சிகளைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். உலகெங்கும் இருந்து பெட்டி பெட்டியாகப் பூச்சிகள் வரும். கை லென்ஸை வைத்துப் பார்த்து, சில வரிகளில் குறிப்பு எழுதிப் பெயர் வைப்பார். இப்படி அவர் வைத்த பெயர்கள் 14 ஆயிரத்துக்கும் மேல். 1912ல் இருந்து இதற்கென்றே சொந்தமாக ஒரு வெளியீடும் நடத்தினார்.

கோவையிலும் பிறகு பீகாரின் பூசாவிலும் பூச்சியியல் அதிகாரியாக இருந்த பெயின்பிரிக் பிளெட்சரும் அவருக்குப் பூச்சிகளை அனுப்பியவர்தான். தென்னை வைத்திருப்பவர்களுக்குக் கருந்தலைப் புழு தெரிந்திருக்கும். அதற்கு 1905ல் நெபாண்டிஸ் செரினோபா என்று பெயர் கொடுத்ததும் மெய்ரிக்தான். அதே பூச்சிக்கு 1864லேயே வாக்கர் என்பவர் பெயர் வைத்திருந்தது பின்னாளில் தெரிய வந்தது. முந்திய பெயரே நிற்கும் என்பது விதி. அதனால் மெய்ரிக் வைத்த பெயர் போனது. ஆனாலும் வேளாண் கல்லூரிகளில் பல தலைமுறை படித்தது அந்தப் பெயரைத்தான்.

பெரு நாட்டு மலையூரான உவான்காயோவில் பிடித்த ஒரு பூச்சியை 1917ல் அவர் விவரித்தார். உருளைக்கிழங்கு அந்துப்பூச்சிக்காக 1902ல் தானே ஏற்படுத்திய தோரிமேயா என்ற இனத்தில் சேர்த்து, அப்சலூட்டா என்று பெயரிட்டார். அப்போது அது பயிரைக் கெடுக்கும் பூச்சி என்ற பேச்சே இல்லை.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்த்துப் பிரிக்கும் முறை வந்த பிறகும் அவர் அதை ஏற்கவில்லை. இறக்கை நரம்பே போதும் என்று இருந்துவிட்டார். பின்னால் வந்தவர்களுக்கு இதனால் எவ்வளவோ வேலை. அப்சலூட்டாவையே நான்கைந்து இனங்களுக்கு மாற்றினார்கள். 1994ல் டூட்டா ஆனது. ஆனால் அவர் பார்த்த பூச்சி பத்திரமாக லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எந்தச் சந்தேகம் வந்தாலும் அதை எடுத்து ஒப்பிடலாம். 1938ல் அவர் இறந்தபோது சேகரிப்பில் சுமார் ஒரு லட்சம் பூச்சிகள் இருந்தன.

2006ல் ஸ்பெயினில் நுழைந்த ஊசிப்புழு, 2014ல் மகாராஷ்டிரா வந்து, பிறகு தமிழகத்துக்கும் இறங்கியது. நாற்றோடும் தக்காளிப் பெட்டியோடும் பரவும் பூச்சி இது. அவை 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும்போது இதுவும் கூடவே ஏறும். வந்தது இன்னது என்று தெரிந்ததால்தான், தென் அமெரிக்காவில் ஏற்கனவே கண்டறிந்த இனக்கவர்ச்சிப் பொறி இங்கும் கைகொடுத்தது. காய்ப்புழுவுக்கான கவர்ச்சிக் குப்பியைப் பொறியில் வைத்தால் ஊசிப்புழு அந்து ஒன்றுகூட வராது. ஓட்டை விழுந்த காயை வரப்பில் வீசாமல் அழித்துவிடுங்கள். கொல்லையில் இருக்கும் சுக்குட்டிக் கீரையையும் புரட்டிப் பாருங்கள், அதிலும் இந்தப் புழு தங்கும்.

2021ல் உடலமைப்பு ஆய்வுக்குப் பின் பூச்சியை மறுபடியும் தோரிமேயாவிலேயே சேர்த்துவிட்டார்கள். 104 ஆண்டுக்கு முன் மெய்ரிக் வைத்த இடம். கடையில் மட்டும் டூட்டா பொறி என்றே கேளுங்கள். புதுப் பெயர் அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை.