பட்டம் வாங்காத கட்டடக் கலைஞர்

இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன், கண்ணமங்கலம்



பெரிய கட்டடம் கட்டியவர்கள் என்றாலே பெரிய காலேஜில் படித்து, பேருக்குப் பின்னால் நாலு எழுத்துப் பட்டம் போட்டுக்கொண்டவர்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். டிப்ளமோ படிக்கிற நமக்கு அந்த நினைப்பு வரும்போதெல்லாம் மனசு கொஞ்சம் சுருங்கிப்போகிறது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால்கூட, இன்ஜினியரிங்கா பாலிடெக்னிக்கா என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் அடுத்த ஆளிடம் பேசப் போய்விடுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். அதனால் எனக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

நம் நூலகத்தில் ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படித்தேன். அவர் கட்டடக் கலையில் எந்தப் பட்டமும் வாங்காதவர். ஆனால் 2016-ம் ஆண்டில் யுனெஸ்கோ, ஏழு நாடுகளில் இருக்கும் அவருடைய 17 படைப்புகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் ஒன்று நம் நாட்டுச் சண்டிகரில் இருக்கிறது. அவர்தான் லெ கார்பூசியே. அவர் படித்த பள்ளிக்கூடம் எது தெரியுமா? பழைய மாதா கோயில்களும் துறவி மடங்களும்தான்!

கடிகார ஊர்ப் பையன்

சுவிட்சர்லாந்தில் லா ஷோ-தெ-ஃபோன் என்று ஒரு மலை ஊர். ஊர் முழுக்கக் கடிகார வேலை. அங்கே 1887 அக்டோபர் 6-ம் தேதி பிறந்தவருக்கு ஷார்ல்-எதுவார் ழான்னரே என்று பெயர் வைத்தார்கள். அப்பா கடிகார முகப்புக்கு எனாமல் பூசும் தொழிலாளி. அம்மா பியானோ சொல்லிக்கொடுத்தவர். பையனும் ஊர்த் தொழிலையே கற்றுக்கொள்ளட்டும் என்று, கடிகாரக் கூட்டில் சித்திரம் செதுக்கும் தொழிற்பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். நம்ம ஊரில் ஐ.டி.ஐ. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பையனுக்குக் கண்பார்வை சரியில்லை. நுணுக்கமான செதுக்கு வேலை அவனுக்கு ஒத்துவராது என்று கண்டுகொண்டவர் லெப்லாத்னியே என்ற ஆசிரியர். நீ கட்டடத்தின் பக்கம் போ என்று அவர் திருப்பிவிட்டார். பையனுக்கு முதலில் அதில் இஷ்டமே இல்லை! ஆனாலும் 18 வயதில், ஊரில் இருந்த ஓர் அனுபவசாலியோடு சேர்ந்து ஒரு வீட்டுக்குத் திட்டம் போட்டான். அதில் கிடைத்த கூலியை வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளாமல், 1907-ம் ஆண்டு இத்தாலிக்கு ரயில் ஏறிவிட்டான். உடன் போனவன் பெர்ரான் என்ற சிற்பக்கலை மாணவன்.

மடத்தில் கிடைத்த பாடம்

பீசா, பிளாரன்ஸ், சியன்னா, ரவென்னா, பாதுவா, வெனிஸ் என்று ஊர் ஊராகப் போனார்கள். எங்கே போனாலும் முதலில் சர்ச்சுக்குப் போவது, நோட்டுப் புத்தகத்தை விரிப்பது, வரைவது. பீசாவின் பேராலயத்தில் பளிங்குக் கல் வரிசை, பிளாரன்ஸில் ஜியோட்டோ தீட்டிய சுவர் ஓவியங்கள், ரவென்னாவின் மொசைக் சித்திரங்கள் எல்லாம் பென்சிலிலும் வாட்டர் கலரிலும் அவன் நோட்டில் ஏறின.

ஆனால் அவன் வாழ்க்கையைத் திருப்பியது பெரிய பேராலயம் எதுவும் இல்லை. பிளாரன்ஸுக்கு வெளியே ஒரு குன்றின்மேல் இருந்த எமா மடம்தான். அது 14-ம் நூற்றாண்டில் தொடங்கியது. கார்த்தூசியன் துறவிகள் மௌன விரதக்காரர்கள். ஒவ்வொரு துறவிக்கும் ஒரு தனிச் சின்ன வீடு. வீட்டுக்கு ஒரு சின்னத் தோட்டம். சாப்பாடு சுவரில் உள்ள ஒரு திட்டிவாசல் வழியாக உள்ளே வந்துவிடும். வீடுகள் எல்லாம் ஒரு பெரிய முற்றத்தைச் சுற்றி வரிசையாக நிற்கின்றன. நம் கோயில் திருச்சுற்று மாதிரி தூண் வைத்த நடை அவற்றை இணைக்கிறது. கதவைச் சாத்தினால் தனிமை, திறந்தால் கூட்டம். ஜன்னலில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்.

இதை அப்பாவிடம் படம் போட்டுக் காட்டினேன். படித்த எனக்கு இரண்டு நாள் ஆனது. அவருக்கு இரண்டு நிமிஷம் போதும்! ஒருத்தன் வீட்டுக் கொல்லை இன்னொருத்தன் கண்ணில் படாமல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், அதுதான் இதில் சூட்சுமம் என்று சொல்லிவிட்டார்.

இருபது வயதுகூட ஆகாத மாணவனும் அதைத்தான் பார்த்தான். நிறையப் பேர் ஒன்றாக வாழலாம், அதே நேரம் ஒவ்வொருவரும் தனியாகவும் இருக்கலாம் என்பதற்குக் கல்லில் ஒரு விடை இருக்கிறதே என்று அசந்துபோய் வீட்டுக்குக் கடிதம் எழுதினான். 1911-ல் மறுபடியும் அதே மடத்துக்குத் தேடிப் போனான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு

1908-ல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். (இனி மரியாதை கொடுத்தே எழுதுகிறேன்!) பெர்ரே சகோதரர்களிடம் அரை நாள் வேலை. இரும்புக் கம்பி போட்ட காங்கிரீட்டை அங்கேதான் கற்றுக்கொண்டார். மீதி அரை நாள் நூலகம், அருங்காட்சியகம், நோத்ர தாம் பேராலயம். அங்கே சம்பாதித்த முதல் பணத்தில் வாங்கியது பழைய பிரெஞ்சுக் கட்டடக் கலை பற்றி வியோலே-லெ-துக் எழுதிய அகராதி.

1911-ல் கிளிப்ஸ்டைன் என்ற நண்பரோடு பெரிய பயணம். பிராக், வியன்னா, புடாபெஸ்ட், இஸ்தான்புல் என்று போய், கிரேக்க நாட்டில் ஆதோஸ் மலை மடங்களில் தங்கினார்கள். அது பெண்கள் கால் வைக்கக்கூடாத துறவிகள் மலை. பிறகு ஏதென்ஸ், அப்புறம் இத்தாலி. அந்தப் பயணத்தில் நிரப்பிய ஆறு நோட்டுப் புத்தகங்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அழகான படம் மட்டும் இல்லை. இத்தனை அடி, இத்தனை படி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று கணக்கும் இருக்கிறது.

1920-ல் லெ கார்பூசியே என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1923-ல் வந்த அவர் புத்தகம் உலகத்தையே பேச வைத்தது.

ஐம்பது வருஷம் கழித்து

மாணவனாக நோட்டில் எழுதியது எப்போது பலித்தது? மார்செய் நகரில் 1952-ல் முடிந்த 337 வீடுகள் கொண்ட அடுக்குமாடி. பெரும்பாலான வீடுகள் இரண்டு மட்டம், தனி பால்கனி, எல்லாருக்கும் பொதுவில் கடைகள், மாடியில் குழந்தைகளுக்கான இடம். எமா மடம்தான் எழுந்து நிற்கிறது!

அடுத்தது ரோன்ஷான் குன்றுக் கோயில். இரண்டாம் உலகப் போரில், 1944-ல், இடிந்துபோன பழைய கோயிலுக்குப் பதிலாக 1955-ல் கட்டி முடித்தார். இடிந்த கல்லையே சுவருக்குள் போட்டார். கூரை என்பது 6 சென்டிமீட்டர் கனமுள்ள இரண்டு காங்கிரீட் ஓடுகள், இடையில் 2.26 மீட்டர் இடைவெளி. நம்ம வீட்டுத் தளமே 5 அங்குலம் போடுகிறோம். இது இரண்டரை அங்குலம்கூட இல்லை. அந்தக் கூரை சுவர்மேல் உட்காரவில்லை. சுவருக்குள் மறைந்திருக்கும் தூண்கள் தாங்குகின்றன. கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் ஓடுகிறது. எவ்வளவு கனமான கூரையும் மிதப்பது போலத் தெரிகிறது.

மூன்றாவது, லியோன் அருகே லா தூரேத் மடம். அதைக் கேட்டு வந்த கூத்தூரியே என்ற குரு, தெற்கே லெ தொரொனே என்ற 12-ம் நூற்றாண்டு மடத்தைப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார். 65 வயதில், உலகப் புகழோடு, மறுபடியும் மாணவனாகப் போய்ப் பார்த்தார். 1960-ல் திறக்கப்பட்ட லா தூரேத்தில் சுமார் 100 அறைகள். ஒவ்வொன்றும் 1.83 மீட்டர் அகலம், அதாவது ஆறு அடி. உயரம் 2.26 மீட்டர், ஒரு ஆள் கை தூக்கினால் தொடும் உயரம். ஒவ்வொரு துறவிக்கும் ஒரு பால்கனி.

இதில் விசேஷம் என்னவென்றால், இவர் பக்திமான் கிடையாது. துறவிகளும் அதைத் தெரிந்தேதான் வேலை கொடுத்தார்கள். மதத்தை நம்பாவிட்டாலும், அங்கே மனிதன் எப்படி உட்காருகிறான், எப்படி மௌனமாக இருக்கிறான் என்பதை மரியாதையோடு பார்த்த கண் அவருடையது.

சண்டிகரும் ஒரு கேள்வியும்

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால் கிழக்குப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. 1951-ல் இவர் இந்தியா வந்தார். ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ழான்னரே, இங்கிலாந்தின் மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ, கூடவே நம் நாட்டு இளம் கட்டடக் கலைஞர்கள் சேர்ந்து சண்டிகரை எழுப்பினார்கள். தலைமைச் செயலகம் மட்டும் 254 மீட்டர் நீளம். சட்டமன்றத்தின் மேல் நிற்கும் கோபுரத்தின் வடிவம் மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரத்தைப் பார்த்து வந்தது. பார்த்ததை விடாத மனிதர்!

இதையும் அப்பாவிடம் சொன்னேன். அவ்வளவு காங்கிரீட்டை மேலே எப்படி ஏற்றினார்கள் என்று கேட்டார். ஆணும் பெண்ணும் தலையில் பாண்டு சுமந்துதான் ஏற்றினார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் இல்லை. நகரத்துக்காகப் பல கிராமங்கள் நிலத்தை விட்டுப் போனதையும், 1925-ல் பாரிஸின் நடுப்பகுதியை இடித்துவிட்டு வானுயரக் கட்டடம் வைக்கலாம் என்று இவர் திட்டம் போட்டதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு துறவியின் அறையை அவ்வளவு பொறுமையாகப் பார்த்த கண், குடியிருக்கிற தெருவைச் சில நேரம் பார்க்கவில்லை. பெரியவர்களிடம் கற்கும்போது இதையும் கற்க வேண்டும்.

1965 ஆகஸ்ட் 27 அன்று பிரான்ஸ் நாட்டுக் கடற்கரையில் நீந்தும்போது உயிர் பிரிந்தது. பாரிஸில் நடந்த இறுதி மரியாதைக்கு ஏதென்ஸ் மண்ணும் இந்தியாவின் கங்கை நீரும் வந்தன.

நமக்கு என்ன?

இத்தாலி போக நமக்கு ஏது காசு என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் கண்ணமங்கலத்தில் பஸ் ஏறினால் வேலூர்க் கோட்டை. ஒரே மதிலுக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, 1846-ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் சர்ச் மூன்றும் இருக்கின்றன. போன முறை டேப்பும் நோட்டும் எடுத்துப் போனேன். சர்ச் சுவரின் கனத்தை ஜன்னல் ஓரத்தில் அளந்தேன். கோயில் கல்யாண மண்டபத்தில் தூணுக்குத் தூண் எத்தனை அடி என்று எழுதினேன். வெயில் நேரத்தில் எங்கே குளிர்ச்சி, ஏன் என்று குறித்தேன். காவல்காரர் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

நண்பர்களே, சர்வே சங்கிலி நம் லேபில் இருக்கிறது, பென்சில் பையில் இருக்கிறது. கோயிலோ, சர்ச்சோ, மசூதியோ, ஜவ்வாது மலைக் குடிசையோ, உள்ளே வாழ்கிற மனிதரோடு சேர்த்து அளந்து வையுங்கள். சுமந்து கட்டியவர் யார் என்றும் விசாரித்து, பெயர் கிடைத்தால் அதையும் எழுதுங்கள். எந்தப் பக்கம் எந்த வருஷம் பலிக்கும் என்று யாருக்குத் தெரியும்? பட்டம் வரும்போது வரட்டும். நோட்டை இன்றைக்கே தொடங்குவோம்!