பயத்துக்கு வைத்தியம் செய்த டாக்டர் அம்மாள்

எய்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே ஊர் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. நோயாளி குடித்த டம்ளரைத் தூக்கி எறிந்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய் கொடுத்து ஒதுக்கினார்கள்.

அந்த நாளில் அவர்களைத் தொட்டு, தோளில் கை போட்டுப் பேசியவர் டாக்டர் சுனிதி சாலமன்.

சென்னையில் வாழ்ந்த மராட்டியக் குடும்பத்துப் பெண் அவர். தோல் வியாபாரக் குடும்பம். 8 குழந்தைகளில் அவர் ஒருவரே பெண். வருஷா வருஷம் வீட்டுக்கு வந்து தடுப்பூசி போட்ட சுகாதார அதிகாரியைப் பார்த்துத்தான் அவருக்கு டாக்டர் ஆசை வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். இருதய அறுவை டாக்டர் விக்டர் சாலமனை மணந்தார். வெளிநாடுகளில் இருந்துவிட்டு 1973-ல் திரும்பினார்.

6 பேர்

எய்ட்ஸ் மேல்நாட்டு வியாதி, நம் நாட்டுக்கு வராது என்று பெரிய டாக்டர்களே நம்பினார்கள். சுனிதி நம்பவில்லை. தம் மாணவி நிர்மலாவை ஆராயச் சொன்னார்.

நிர்மலா, பாலியல் தொழிலில் சிக்கிக் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். பாதுகாத்து வைக்க இடம் இல்லை. தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்தார்! பிறகு ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனார்.

1986-ல் அங்கே சோதித்தபோது 6 பேருக்குக் கிருமி இருந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். அங்கும் அதே முடிவு. இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதலில் தெரியவந்தது இப்படித்தான்.

சுனிதி அதோடு நிற்கவில்லை. இந்த வேலை வேண்டாம் என்று கணவரே முதலில் தடுத்தார். நோயாளிகளின் கதையைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள் என்று பதில் சொல்லிவிட்டார். 1993-ல் தந்தையின் பெயரால் ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தைத் தொடங்கினார்.

தூக்கம் போனவர்கள்

கிருமி இல்லாமலே இந்த வியாதியால் வாடுகிறவர்கள் உண்டு. மதுரையிலும் உண்டு, மேலூர், திருமங்கலம் கிராமங்களிலும் உண்டு. ஒரு முத்தம், ஓர் அணைப்பு. அவ்வளவுதான் நடந்திருக்கும். மறுநாள் தூக்கம் போய்விடும். தும்மினால் பயம், உடம்பு சுட்டால் பயம். மனைவியிடம் சொல்ல முடியாது. செய்த தப்பின் உறுத்தல்தான் பாதி நோய்.

சோதனைக்கு முன்பும் பின்பும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது சுனிதியின் முறை. தொட்டால், அணைத்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால் இந்தக் கிருமி ஒட்டாது. வாயில் ரத்தப் புண் இல்லாத முத்தத்தாலும் ஒட்டாது. உறையில்லாத உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், பலருக்குப் போட்ட ஊசி, தாயிடமிருந்து பிள்ளை - இவையே வழிகள்.

மறுநாளே ரத்தம் கொடுத்துப் பயனில்லை. கிருமியின் அடையாளம் ரத்தத்தில் தெரியச் சில வாரம் ஆகும். 3 மாதம் கழித்தும் இல்லை என்று வந்தால் கவலையை விட்டுவிடலாம். நிஜமாகவே ஆபத்து நேர்ந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போக வேண்டும். தடுப்பு மாத்திரை உண்டு.

இதற்காக மாட்டுத்தாவணியில் சென்னை பஸ் ஏற வேண்டியதில்லை. மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் சோதிக்கிறார்கள். யாருக்கும் சொல்ல மாட்டார்கள். 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

கிருமி உள்ளவர்களுக்கு வரன் பார்த்துக் கல்யாணமும் செய்துவைத்தார் சுனிதி. 2015 ஜூலை 28-ந் தேதி சென்னையில் காலமானார். பத்மஸ்ரீ பட்டம் 2017-ல்தான் வந்தது.